நாலாவது சுவிட்ச்

புது வீட்டுக்குள் காலடி எடுத்து வைத்ததுமே பெரியவள் அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள்.

"இந்த வீட்ல நான் எதையும் கழட்ட மாட்டேன்."

"திருகாணி?" என்று கேட்டார் அம்மா.

"ஒரு திருகாணியையும் திருக மாட்டேன்."

"கடிகாரம்?"

"மணி பாக்கறதுக்கு மட்டும்தான்."

அம்மா நம்பிவிட்டது போலத்தான் தலையாட்டினார். ஆனாலும் திருப்புளியை எடுத்து அலமாரியின் உச்சித் தட்டில், போர்வைகளுக்கு அடியில் வைத்தார்.

பெரியவளுக்குப் பதினொரு வயது. அவளுக்குக் கீழே ஆறு வயதில் ஒரு தம்பி. வீட்டில் அவனைச் சின்னவன் என்று கூப்பிடுவார்கள். பழைய ஊரில் இவளைப் பெரியவள் என்று வீட்டில் மட்டும்தான் கூப்பிட்டார்கள். வெளியே எல்லோருக்கும் இவள் 'நோண்டி'.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஒரு பொருளைப் பார்த்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பிரிப்பாள். பார்ப்பாள். திரும்பப் பூட்டுவாள். எல்லாம் பூட்டி முடித்த பிறகு உள்ளங்கையில் ஒரே ஒரு திருகாணி மிஞ்சும். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரியாது, அந்தப் பொருளும் அதற்குப் பிறகு வேலை செய்யாது. பக்கத்து வீட்டு ரேடியோ அப்படித்தான் போனது. பள்ளிக்கூடத்து மணியும் அப்படித்தான் போனது. அன்றைக்கு நாலு மணிக்கு மணி அடிக்கவில்லை. ஐந்து மணி வரை பள்ளி முழுவதும் கணக்குப் பாடத்தில் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் தெருவில் நடந்தாலே, "நோண்டி வரா, ரேடியோவ உள்ள எடுத்து வை!" என்று யாராவது கத்துவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவாள். அது அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

இப்போது அம்மாவுக்கு வேலை மாறியிருந்தது. மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்த்துக் கொடுக்கும் பட்டறை வேலை. வரும் வழியில் வண்டியில் அம்மா சொன்னார்: "அங்க நான் நாலு பேர்ல ஒருத்தி. இங்க பட்டறையே என் பொறுப்பு. உள்ளுக்குள்ள உதறுதுதான். ஆனா ஒண்ணு, இந்த ஊர்ல நம்மள யாருக்கும் தெரியாது. எப்படி இருக்கணும்னு ஆசைப்படறோமோ அப்படி இருக்கலாம்."

பெரியவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். புது ஊரில் அவளை யாரும் நோண்டி என்று கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான் அவளுடைய ஆசை.

எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கும். அந்தச் சுவிட்ச் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

கூடத்துக் கதவுக்குப் பின்னால் சுவரில் நாலு சுவிட்ச்கள் வரிசையாக இருந்தன. முதலாவது விளக்கு. இரண்டாவது மின்விசிறி. மூன்றாவது பால்கனி விளக்கு. நாலாவது?

போட்டாலும் ஒன்றும் இல்லை. அணைத்தாலும் ஒன்றும் இல்லை.

"அப்பா, இது எதுக்கு?"

அப்பா பேருந்து ஓட்டுபவர். பெட்டிகளைத் தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பு கழன்றிருந்தது. "சில சுவிட்ச் அப்படித்தான்மா. மத்த மூணுக்கும் பேச்சுத் துணைக்கு நிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே நீட்டிப் படுத்துவிட்டார்.

பெரியவள் கிட்டே போய்ப் பார்த்தாள். அந்தச் சுவிட்சின் மேல் மட்டும், ஒட்டும் நாடாவை ஒட்டி எப்போதோ பிய்த்தெடுத்த பிசுக்கு இருந்தது. வேலை செய்யாத சுவிட்சுக்கு யார் நாடா ஒட்டுவார்கள்? ஏன் ஒட்டுவார்கள்?

திங்கட்கிழமை வரை பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

'எதையும் கழட்ட மாட்டேன்னுதான் சொன்னேன். சுவிட்ச அழுத்தறது கழட்டறதுல சேராது' என்று மனதுக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். வக்கீலும் அவளே, நீதிபதியும் அவளே. தீர்ப்பு வேறு எப்படி வரும்?

பள்ளி விட்டு வந்ததும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டாள். அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து திரும்ப ஆறு மணி ஆகும். சின்னவனை உதவிக்கு வைத்துக்கொண்டாள்.

"நான் அணைக்கறேன். எங்கயாவது ஏதாவது மாறுதான்னு பாரு. சமையலறை?"

"ஒண்ணும் மாறல!"

"குளியலறை?"

"ஒண்ணும் மாறல!"

"கட்டிலுக்கு அடியில?"

"உன் கணக்கு நோட்டு இருக்கு. பல்லி மேல உக்காந்திருக்கு!"

நோட்டில் அவள் எழுதினாள்: 'திங்கள். 4.20க்கு அணைத்தேன். 4.50க்குப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.'

செவ்வாய்க்கிழமை இன்னும் அதிக நேரம் அணைத்து வைத்துப் பார்த்தாள். ஏதாவது மெல்ல மெல்லச் சூடாகலாம், அல்லது குளிரலாம் இல்லையா? வியாழக்கிழமை சுவரில் காது வைத்துக் கேட்டாள். சனிக்கிழமை மோந்துகூடப் பார்த்தாள். இரண்டாவது வாரம் புதன்கிழமையோடு நோட்டில் ஏழு வரிகள் சேர்ந்துவிட்டன. ஏழு வரியும் 'ஒன்றும் ஆகவில்லை' என்றுதான் முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாருடைய பேனாவையும் தொடவில்லை. யாரோடும் பேசவும் இல்லை. பேசினால் 'அதைக் கொடு, எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கறேன்' என்று வாய் தவறிச் சொல்லிவிடுவோமோ என்று பயம்.

அந்த வியாழக்கிழமை, முன்பெஞ்சுப் பையன் தலையில் தொப்பியோடு வந்தான்.

"வகுப்புக்குள்ள என்ன தொப்பி? கழட்டு" என்றார் டீச்சர்.

"வேணாம் டீச்சர்."

"கழட்டுப்பா."

கழற்றினான். இடது பக்கம் ஒட்ட வெட்டியிருந்தது. வலது பக்கம் காடாக மண்டியிருந்தது. நடுவில் கோடு கிழித்தது போல ஒரு எல்லை. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

பெரியவள் சிரிக்கவில்லை. பலர் முன்னால் சிரிப்புக்கு ஆளாவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இடைவேளையில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இந்தப் பள்ளியில் அவள் தானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை.

"என்ன ஆச்சு?"

"சலூன்ல பாதி வெட்டும்போது மிஷின் நின்னுடுச்சு. லைட்டும் போயிடுச்சு."

"கத்திரியால வெட்டலாமே?"

"அந்தக் கடைக்கு ஜன்னலே கிடையாது. இருட்டுல கத்திரிய காதுகிட்ட கொண்டுபோக மாட்டேன்னு அந்த அண்ணா சொல்லிட்டாரு. எனக்கும் காது வேணும்ல?"

"கரண்ட் போச்சா?"

"அதான் இல்ல! எதிர் கடையில இருக்கு, மாடி வீட்ல இருக்கு. அந்தக் கடைக்கு மட்டும் இல்ல. பத்து நாளா இப்படித்தானாம். நான் அஞ்சாவது பாதித்தலை. கரண்ட் திரும்ப வந்தாலும் மறுபடி அந்த நாற்காலியில உக்கார எல்லாருக்கும் பயம். மூணு எலக்ட்ரீஷியன் வந்து பாத்தாங்களாம். அவங்க காலையில வரும்போது எல்லாம் ஒழுங்கா எரியுதாம்."

பெரியவளுக்குக் காது விடைத்தது. இப்படிப்பட்ட புதிர் என்றால் அவளுக்குப் பசி தூக்கம் தேவையில்லை. "எத்தன மணிக்கு நின்னுச்சு?"

"நேத்து நாலே முக்கால்."

"கடை எங்க இருக்கு?"

"பின் தெருவுல. மாடியில பச்சை ஜன்னல் வச்ச ஒரு வீடு இருக்கே, அதுக்கு நேர் கீழ."

பெரியவள் வீடும் மாடியில்தான், அதன் சமையலறை ஜன்னலும் பச்சை நிறம். அவர்கள் வீட்டுப் படிக்கட்டு முன் தெருவில் இருந்தது. பின் தெருப் பக்கம் அவள் இன்னும் போனதே இல்லை.

பெரியவள் மனதில் நோட்டின் கடைசி வரி வந்து நின்றது.

"வேற கடைக்குப் போயிருக்கலாம்ல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இந்த ஊர்ல வேற கடை ஏது? இனிமே பக்கத்து ஊருக்குத்தான் போகணும். அந்த அண்ணா கடைய காலி பண்றாரு. ஞாயித்துக்கிழமை கிளம்பறாராம்."

வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் பிரித்தாள். 'புதன். 4.45க்கு அணைத்தேன். 5.40க்குப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.'

எத்தனை பெரிய பொய்! எவ்வளவோ ஆகியிருக்கிறது. அவள் இருந்த இடத்தில் ஆகவில்லை, அவ்வளவுதான்.

"இனிமே அந்தச் சுவிட்ச தொடாம விட்டுட்டா?" என்று கேட்டான் சின்னவன்.

"எல்லாம் சரியாயிடும்."

"யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன?"

"அதுக்குள்ள அவர் ஊர விட்டே போயிடுவாரேடா!"

அதுதான் அவளைக் குடைந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் அவள் பெயர் கெடாது. ஆனால் ஒருவர் தன் கடையை மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார், ஏன் என்று தெரியாமலேயே. வாயைத் திறந்தால் பழைய பெயர் இரண்டே வாரத்தில் இந்த ஊருக்கும் வந்து சேர்ந்துவிடும். நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நானும் வரேன்" என்றான் சின்னவன். "உன்னத் திட்டினா நான் பக்கத்துல நிப்பேன். கொஞ்சம் தள்ளி."

சலூனுக்குள் இரண்டு நாற்காலிகள் துணி போர்த்தி நின்றன. சீப்புகளும் பவுடர் டப்பாவும் ஒரு அட்டைப் பெட்டிக்குள் போயிருந்தன. சலூன்காரர் கண்ணாடியைச் சுவரிலிருந்து இறக்குவதற்காக முக்காலி மேல் ஏறியிருந்தார். அடர்ந்த மீசை வைத்த இளைஞர்.

"கடை இல்லம்மா" என்றார் திரும்பிப் பார்க்காமலே.

"முடி வெட்ட வரலண்ணா. உங்க கரண்ட் ஏன் போகுதுன்னு... எனக்குத் தெரியும்னு நினைக்கறேன்."

அவர் சோர்வாகச் சிரித்தார். "மூணு எலக்ட்ரீஷியனுக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?"

"அவங்க மேல எங்க வீட்டுக்கு வரலையே."

அவர் முக்காலியிலிருந்து இறங்கினார்.

"உங்க மிஷின போடுங்க" என்றாள் பெரியவள். "நான் மேல போறேன். தம்பி நடுவுல நின்னு கத்துவான்."

கத்தும் வேலை என்றதும் சின்னவனுக்கு முகமெல்லாம் பல். பெரியவள் கட்டடத்தைச் சுற்றி ஓடி, மாடிப்படி ஏறி, நாலாவது சுவிட்சின் மேல் விரலை வைத்தாள். அழுத்தினாள்.

"நின்னுடுச்சேய்!" என்ற சத்தம் இரண்டு தெருவுக்கும் கேட்டது.

போட்டாள்.

"ஓடுதேய்!"

அணைத்தாள்.

"நின்னுடுச்சேய்!"

அதற்குப் பிறகு கேட்டது சின்னவன் குரல் இல்லை. "இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" என்று சலூன்காரரே கத்தினார்.

மூச்சு வாங்க மேலே ஏறி வந்து அந்தச் சுவிட்சையே பார்த்துக்கொண்டு நின்றார். வியப்பு தீர்ந்ததும் கோபம் வந்துவிட்டது.

"அஞ்சு பேரு பாதித் தலையோட போனாங்க! ஒன்பது வருஷம் அடுத்தவங்க கடையில நின்னு வெட்டிட்டு, இப்பதான் எனக்குன்னு ஒரு கடை வேணும்னு தெரியாத ஊருக்கு வந்தேன். இந்த ஊர் எனக்கு ஒத்துக்கலன்னு நினைச்சு மூட்டை கட்டிட்டேன், தெரியுமா?"

சின்னவன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். பக்கத்தில்தான் நின்றான். கொஞ்சம் நிறையவே தள்ளி.

பெரியவளுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனாலும் அங்கேயே நின்றாள். "தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா நான்தான் செஞ்சேன்" என்று நோட்டை நீட்டினாள். "எல்லா நேரமும் இதுல இருக்கு."

அவர் நோட்டை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்கத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"செவ்வாய் நாலு முப்பது. ஆமா, தபால்காரர். பின்னந்தலை அப்படியே நின்னுபோச்சு." ஒரு வரி தள்ளிப் போனார். "வியாழன் நாலு பத்து. ஐயய்யோ, இது கல்யாண மாப்பிள்ளை! மீசையில பாதிதான் எடுத்திருந்தேன்."

அவர் மீசை துடித்தது. பெரியவள் பயந்துபோய் அழுதேவிட்டாள். அடுத்த நொடி அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மாவும் அப்பாவும் உள்ளே வந்தார்கள். கூடத்தின் நடுவே முன்பின் தெரியாத ஒருவர் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறார். பக்கத்தில் மகள் அழுகிறாள். மகன் கதவுக்குப் பின்னால் நிற்கிறான்.

யாரும் கேட்பதற்கு முன்னால் பெரியவளே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

"கழட்டினியா?" என்று கேட்டார் அம்மா.

"கழட்டல. அழுத்தினேன்."

"பாரு, அந்த வாக்குல இவ்ளோ பெரிய ஓட்டை இருந்திருக்கு" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "போன வாரம் நான் ஒருத்தருக்கு வில்லைய மாத்தித் தேச்சுக் கொடுத்துட்டேன். வலது கண்ணுக்கு உண்டானது இடது கண்ணுக்குப் போயிடுச்சு. அந்த மனுஷன் சமதரையில படி ஏறற மாதிரி காலத் தூக்கித் தூக்கி வச்சு நடந்தாரு."

"ஐயோ! என்னம்மா பண்ணினீங்க?"

"வீட்டுக்கே போயிச் சொன்னேன். அந்த வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டு ரெண்டு தடவ திரும்பிட்டேன். சொல்லிட்டு வந்தப்புறம் நல்லாத் தூங்கினேன்." அம்மா நோட்டைப் புரட்டினார். "உனக்கு அஞ்சு வீடு இருக்கு போலிருக்கே."

மறுநாள் நாலாவது எலக்ட்ரீஷியன் வந்தார். முன்பு இந்த மாடியில் குடியிருந்தவரே கீழே கடை வைத்திருந்தாராம். இரவில் கடைக்கான மின்சாரத்தை மொத்தமாக நிறுத்த ஒவ்வொரு தடவையும் கட்டடத்தைச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, மேலேயே ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டாராம். கடையை வாடகைக்கு விட்டபோது, யாரும் அணைத்துவிடாமல் நாடா ஒட்டியிருக்கிறார். அதைத்தான் வெள்ளையடித்தவர்கள் பிய்த்திருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன் கடைக்குத் தனியாக இணைப்புக் கொடுத்தார். வேலையை முடித்துவிட்டு, "இந்த மாதிரி நேரம் குறிச்சு வச்சிருந்தா எங்க வேலை பாதியா குறையும்" என்று அந்த நோட்டை ஒரு தடவை முழுவதும் படித்தார். பெரியவள் பக்கத்தில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முப்பத்தேழு கேள்விகள் கேட்டாள். எண்ணியவன் சின்னவன்.

சலூன்காரர் கண்ணாடியைத் திரும்பச் சுவரில் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவள் கையில் ஐந்து முகவரிகளோடு கிளம்பினாள். சின்னவன் கூடவே வந்தான். ஒவ்வொரு வீட்டிலும் அவள் சொன்னது ஒன்றேதான்: "உங்க பாதித் தலைக்கு நான்தான் காரணம். மன்னிச்சிடுங்க. மீதிப் பாதிய இன்னைக்கே சலூன் அண்ணா வெட்டிவிடறேன்னு சொன்னாரு."

தபால்காரர் சிரித்தார். முன்பெஞ்சுப் பையன், "அந்தச் சுவிட்ச நான் ஒரு தடவ போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டான். இன்னொருவர் பொரிந்து தள்ளினார். அவர் மூச்சு விடுவதற்காக நிறுத்தும் வரை பெரியவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாண மாப்பிள்ளை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும், "கல்யாணம் நாளன்னைக்கும்மா!" என்று கத்திக்கொண்டே சலூனை நோக்கி ஓடினார்.

கடைசி வீடு லாரி ஓட்டுபவருடையது. அங்கே போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அவர் மனைவி கதவைத் திறந்தார். பெரியவள் வாயைத் திறப்பதற்குள்ளேயே, "நீதான் அந்தச் சுவிட்ச் பொண்ணா?" என்று கேட்டார்.

பெரியவளுக்கு முகம் விழுந்துவிட்டது. இந்த ஊரிலும் பெயர் வைத்துவிட்டார்கள். "ஆமா" என்றாள்.

"உன்னத்தான் தேடிட்டிருந்தேன். எங்க சமையலறைக் குழாய் தினமும் மூணு மணிக்கு விசில் அடிக்குது. யாரும் திறக்கறதில்ல, ஒரு சொட்டுத் தண்ணி வர்றதில்ல, ஆனா விசில் மட்டும் அடிக்குது. குழாய்க்காரர் வந்து பாத்துட்டு, உங்களுக்குத்தான் காதுல கோளாறுன்னு சொல்லிட்டுப் போறாரு."

பெரியவளின் கண் பெரிதானது. "தினமும் மூணு மணிக்கா? சரியா மூணுக்கா, முன்ன பின்ன இருக்குமா? எத்தன நிமிஷம் அடிக்கும்?"

"அதெல்லாம் யாரு குறிச்சு வச்சா?"

கூடத்துக் கடிகாரத்தில் மணி இரண்டு ஐம்பத்தைந்து. பெரியவளின் விரல்கள் துறுதுறுத்தன. ஆனால் வாசற்படியைத் தாண்டாமல், கழுத்தை மட்டும் நீட்டி உள்ளே பார்த்தபடி அவள் கேட்டாள்:

"ஆன்ட்டி, அத நான் தொடலாமா?"

"தொடறதுக்குத்தானேம்மா கூப்பிடறேன்! வா வா, இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு!"